இடமா வலமா எழுதாத புள்ளிகள்

சாலையில் பாதியை நெல் எடுத்துக்கொண்டிருந்தது. மீதிப் பாதியில் நான் நடந்துகொண்டிருந்தேன். நன்னிலம் பக்கம் தை மாதத்தில் ஊர்ச் சாலைகள் இப்படித்தான் இருக்கும். ஓர் ஓரம் முழுக்க நெல்லைக் காயப்போட்டு, வண்டி ஏறிவிடாமல் விளிம்பில் செங்கல்லையும் கட்டைகளையும் வரிசையாக வைத்திருப்பார்கள். என் தோளில் ஒரு பை. உள்ளே மூன்று சட்டை, ஒரு போர்வை, போன் சார்ஜர். அறுப்பு மெஷின் ஏஜென்டின் வீட்டிலிருந்து அரை மணி முன்னால் இறங்கி, பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அவர் என்னைப் போகச் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வேணும்னே செஞ்சியா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. ஆமாம் என்பதும் உண்மையில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திருப்பூரில் பனியன் கம்பெனி, பாலக்காட்டில் ஓட்டல், அப்புறம் லாரி கிளீனர், அப்புறம் கூப்பிட்டவர்களுக்கெல்லாம் ஆக்டிங் டிரைவர். துரத்தப்பட்டு நடந்திருக்கிறேன், சம்பளம் வராமல் நடந்திருக்கிறேன். பதில் சொல்லத் தெரியாமல் நடந்தது அதுதான் முதல் தடவை.

கேள்வி ஒரு ஜிபிஎஸ் கருவியால் வந்தது.

சம்பா அறுப்பு வந்தால் சேலம் பக்கத்திலிருந்து மெஷின்கள் இங்கே வரும். கூடவே ஆப்பரேட்டர்கள் வருவார்கள். அவர்களுக்கு இந்த ஊர் வயல் எதுவும் தெரியாது. ஆகவே உள்ளூரில் ஓர் ஏஜென்ட் இருப்பார். விவசாயிகள் அவரிடம் சொல்லிவைப்பார்கள், அவர் மெஷினை அனுப்புவார். என் வேலை இரண்டு பங்கு. ஒரு நாள் முன்னதாகப் பைக்கில் போய் வயலைப் பார்த்துவர வேண்டும்: கதிர் பழுத்துவிட்டதா, தரை காய்ந்திருக்கிறதா, மெஷின் இறங்க வழி இருக்கிறதா. மறுநாள் பனி காய்ந்த பிறகு, காரை ஓட்டிக்கொண்டு முன்னால் போக வேண்டும். மெஷின் பின்னால் வரும்.

வயலுக்குக் கதவு எண் கிடையாது. "மதகுலேர்ந்து நாலாவது வரப்பு, போர் செட்டுக்குத் தெக்கால, வந்தா தெரியும்" என்று போனில் சொல்வார்கள். வந்தால் தெரியாது. நான்கு ஊருக்கு நான்கு மதகு, எல்லாவற்றுக்கும் தெற்கே ஒரு போர் செட். அதனால் போனிலேயே வரைபடம் வைத்துப் பார்த்தோம். வெயிலில் திரை இருண்டது. சூடேறி அதுவே அணைந்துகொண்டது. பைக் கைப்பிடியில் மாட்டிய ஒரு போன் குலுங்கிக் குலுங்கியே கேமரா போய்விட்டது. சேற்றுக் கையால் தொட்டால் அது பாட்டுக்கு யாருக்கோ போன் போட்டது.

ஒரு நாள் ஏஜென்ட் சொன்னார், "ஜிபிஎஸ்னே தனியா விக்கிறான்யா. காருக்கும் பைக்குக்கும் ஒண்ணே. நீ பைக்ல போயி வயலக் குறிச்சிட்டு வா, அதையே கழட்டி கார்ல மாட்டிக்கலாம். தஞ்சாவூர் போ. நீயே பாத்து எடு."

நீயே பார்த்து எடு. டீசல் வாங்க அனுப்பினால்கூட கேனைத் தூக்கிப் பார்க்கிற மனுஷன்.

பஸ்ஸில் போகும்போது யோசித்தேன். என்னை எதற்கு வைத்திருக்கிறார்? காரை அவரே ஓட்டுவார். பைக்கை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். எந்த வயல் எங்கே இருக்கிறது என்பது என் தலையில் இருக்கிறது, அதற்குத்தான் சோறு. அது கருவிக்குள் போய்விட்டால்? போன வருஷம் வேறொரு ஏஜென்ட் ஆளை அறுப்பு பாதியில் அனுப்பிவிட்டதை டீக்கடையில் கேட்டிருக்கிறேன். இந்த சீசன் முடியும்வரைக்கும் எனக்குப் படுக்க இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் உண்டு. முடிவதற்கு முன்னால் போனால் நடுத்தெருதான். ஆக என்னை அனுப்புவதற்கான கருவியை நானே போய்த் தேர்ந்தெடுக்கிறேன்.

தஞ்சாவூரில் அது கார் சீட் கவர், மேட், ஹாரன் விற்கிற கடை. கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே, "நன்னிலம் ஏஜென்ட் ஆளா? அவரு காலையிலயே போன் பண்ணிட்டாரு" என்றார்.

"என்ன சொன்னாரு?"

"சிம் போட்டதக் காட்டச் சொன்னாரு."

மூன்று கருவிகளை மேசையில் வைத்தார். முதலாவது பெரிய திரை. கண்ணாடியில் ரப்பர் குமிழால் ஒட்டுவது. காருக்கு நன்றாக இருக்கும், ஒரு தூறல் விழுந்தால் செத்துவிடும், பைக்குக்கு உதவாது. இரண்டாவது சோப்புப்பெட்டி போலத் தடியாக, ரப்பர் விளிம்போடு இருந்தது. கைப்பிடியில் மாட்ட ஒரு கிளாம்ப், காரில் மாட்ட ஒரு தாங்கி, இரண்டும் கூடவே வந்தன. மூன்றாவதுதான் சிம் போட்டது, அதற்கும் தண்ணீர் ஆகாது. வானத்திலிருந்து எடுத்த படத்தில் வரப்பு வரப்பாகத் தெரிந்தது. வயலின் மேலேயே விரலை வைத்துக் குறிக்கலாம். குறித்த அடுத்த நிமிஷம் முதலாளியின் போனுக்குப் போய்விடும்.

"வேற என்ன போகும் அவருக்கு?"

"வண்டி எங்க போவுது, எங்க நிக்குது, எத்தன நேரம் நிக்குது, எல்லாந்தான். ஏன், டீக்கடையில ரொம்ப நேரம் நிப்பீங்களோ?"

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இரண்டாவதைக் கையில் எடுத்தேன். வெளியே கொண்டுபோய் வெயிலில் பிடித்தேன், திரை தெரிந்தது. விரலை நாக்கில் நனைத்துத் தொட்டேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து அதன் மேல் ஊற்றினேன்.

"யோவ், யோவ்! பொண்ணு பாக்க வந்தவன்கூட இப்படிப் பாக்க மாட்டான்யா."

"பொண்ணு சேத்துல விழாது."

கடைப் பையனின் பைக்கில் மாட்டி, மேடு பள்ளமான சந்தில் ஒரு சுற்றுச் சுற்றிவந்தேன். கழலவில்லை. குறைகளும் இருந்தன. அதற்குப் பேச்சு கிடையாது, ஹெல்மெட்டுக்குள் தனியாக ஒன்று மாட்டினால்தான் குரல் கேட்கும். வானத்துப் படம் கிடையாது, வெறும் கோடுகள். முக்கியமான குறை இது: நிற்கிற இடத்தைத்தான் அது குறிக்கும். பைக் எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு புள்ளி, அதற்குக் கீழே நாம் ஏதாவது எழுதிக்கொள்ளலாம். ஆனால் அது யாரிடமும் எதையும் சொல்லாது. எனக்கு அது போதுமாக இருந்தது.

கடையிலிருந்தே ஏஜென்டைக் கூப்பிட்டேன். "வயக்காட்டுல டவர் நிக்காதுண்ணே. சிம் போட்டது சும்மா சுத்திக்கிட்டே இருக்கும். தண்ணியும் ஆகாதாம். இன்னொண்ணு இருக்கு, கல்லு மாதிரி."

சொன்னது அத்தனையும் உண்மை. காரணம் அதுவல்ல, அவ்வளவுதான்.

"அப்படியா? சரி, நீ சொன்னா சரி" என்றார்.

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. திரும்புகிற பஸ்ஸில், கருவியில் முதலில் கற்றுக்கொண்டது, போன தடத்தை அழிப்பது எப்படி என்பதுதான்.

கருவி நன்றாகத்தான் வேலை செய்தது. ஒரு தடவை, பைக்குக்கு வழி காட்டு என்று வைத்திருந்ததைக் காருக்கு மாற்ற மறந்துவிட்டேன். அது எங்களை வாய்க்கால் கரைக்கு இழுத்துக்கொண்டு போனது. பைக் மட்டும் போகிற கரை. காரைத் திருப்ப இடமில்லை, ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல். ரிவர்ஸிலேயே ஓட்டிக்கொண்டு வெளியே வர முக்கால் மணி ஆனது. ஏஜென்ட் பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார். "ஒன்ன நம்பி வந்தேன் பாரு" என்றார். அதன் பிறகு மாற்ற மறந்ததில்லை.

நான் செய்த வேலையை இப்போது சொல்ல வேண்டும்.

இங்கே பெரும்பாலும் சாலை நடுவில் போகும், இரண்டு பக்கமும் வயல். பைக்கைச் சாலையில் நிறுத்திப் புள்ளி வைத்தால், அந்தப் புள்ளி இரண்டு வயலுக்கும் பொது. அறுக்க வேண்டியது இடது பக்கமா வலது பக்கமா என்று கீழே எழுதினால்தான் மற்றவருக்குப் புரியும். நான் எழுதவில்லை. வெறும் எண் மட்டும் போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. பக்கத்தை என் தலையில் வைத்துக்கொண்டேன். கருவி ஒரு பாதி, நான் ஒரு பாதி. என்னை அனுப்பினால் கருவி குருடு. ஏஜென்ட் ஒரு தடவை புள்ளிகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "இது போதுமா? வேற ஒண்ணும் எழுத வேணாமா?" என்று கேட்டார். "போதும்ணே, எடத்துக்குப் போனா தெரியும்" என்றேன்.

அப்படி வைத்த புள்ளிகளில் பதினேழாவது ஒன்று. சாலைக்கு இடது பக்கம் ஐந்து மா நிலம், அதாவது ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. சொந்தக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார், போனிலேயே சொல்லிவைத்தவர், வயலில் நின்று காட்ட ஆளில்லை. வலது பக்கம் மூன்று மா. அதைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்தவர் ஓர் அக்கா. முப்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய வீட்டார் முன்பு அதே நிலத்தில் கூலிக்கு நின்றவர்கள். இவர் கல்லூரிவரை படித்து, விதைநெல் போட்டுக்கொண்டிருந்தார். நான் பைக்கை நிறுத்தியபோது வரப்பில் நின்று கலப்புக் கதிர்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"மெஷினுக்கா பாக்குறீங்க? இங்க வேணாம். இது விதைக்கு, கையறுப்புதான். மெஷின் வயித்துல நேத்து அறுத்த நெல்லு ஒட்டிக்கிட்டு இருக்கும். என் நெல்லுல கலந்துச்சுன்னா விதை போச்சு."

"இல்லக்கா, எதிர்ப் பக்கம்" என்றேன். விதைக்கு என்பதை அவர் என்னிடம் நேராகவே சொன்னார். நானும் தலையாட்டினேன். பதினேழு என்று மட்டும் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

நான் நடந்துகொண்டிருந்த நாளின் காலையில், மெஷினுக்கு ஒரு பெல்ட் அறுந்துவிடும்போல இருக்கிறது என்று ஆப்பரேட்டர் சொன்னார். ஏஜென்ட் என்னைக் கும்பகோணத்துக்கு அனுப்பினார். நான் பைக்கில் ஏறிய பிறகு கைப்பிடியிலிருந்து கருவியைக் கழற்றிக்கொண்டார்.

"இது எங்கிட்ட இருக்கட்டும். கும்பகோணத்துக்கு ஒனக்கு வழி தெரியும்ல?"

"வந்துடுறேண்ணே. அப்புறம் போலாம் மெஷினோட."

"நீ மெதுவா வா."

கும்பகோணம் போய்ச் சேரும்வரை அந்த 'மெதுவா வா' காதில் ஓடிக்கொண்டே இருந்தது. உதிரிபாகக் கடையில் போனை எடுத்துப் பார்த்தால் அவரிடமிருந்து இரண்டு அழைப்பு வந்து நின்றிருந்தது. எங்கே இருக்கிறேன் என்று வேவு பார்க்கத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று நினைத்தேன். சிம் போட்ட கருவி இல்லாத குறையைப் போனில் தீர்த்துக்கொள்கிறார். திருப்பிக் கூப்பிடவில்லை.

திரும்பி வந்ததும் ஆப்பரேட்டர்தான் சொன்னார். "பதினேழுக்குப் போனோமுங்க. ரெண்டு பக்கமும் பழுத்து நிக்குது. எந்தப் பக்கமுங்கன்னு கேட்டேன். உங்களக் கூப்பிட்டாரு, நீங்க எடுக்கல. வலது பக்கம் எறங்க நல்ல சரிவு இருந்துச்சுங்க. எறங்குன்னாரு. ஒரு மா போயிருக்கும், அந்தம்மா ஓடியாந்துட்டாங்க. மெஷின் முன்னாடியே நின்னுட்டாங்கங்க."

அதன் பிறகுதான் அந்தக் கேள்வி. ஏஜென்ட் கத்தவில்லை. கருவியை மேசையில் வைத்து, பதினேழைத் திறந்து, கீழே காலியாக இருந்த இடத்தைக் காட்டினார். "நானும் ஒண்ணும் யோக்கியன் இல்ல. இன்னிக்கு நீ இல்லாம முடியுதான்னு பாக்கத்தான் போனேன். ஆனா இது? வேணும்னே செஞ்சியா?"

நடந்துகொண்டே இதையெல்லாம் திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கூப்பிட்டது திருவாரூர் சாலையில் இருக்கிற இன்னொரு ஏஜென்ட். எங்கள் ஏஜென்டுக்கும் அவருக்கும் ஆகாது.

"கேள்விப்பட்டேன்யா. பலே ஆளு நீ! பக்கத்த எழுதாம வுட்டு மனுசன மாட்ட வச்சிட்டியே."

"அப்படி இல்லண்ணே."

"அட, எங்கிட்ட என்னத்துக்கு மறைக்கிற? அந்த மாதிரி மூளைதான் எனக்கு வேணும். அந்தாளு வயலு பூரா ஒன் தலையில இருக்குல்ல? நாளைக்குக் காலையில வந்துடு. தங்க எடம், சாப்பாடு, கூட ஏதாச்சும் பாத்துக்கலாம். ஜிபிஎஸ்சும் வாங்கித் தரேன், சிம் போட்டதே."

"பாத்து சொல்றேண்ணே" என்று வைத்தேன். வேலை உடனே கிடைத்ததில் நிம்மதிதான். அவர் எதற்காக எடுக்கிறார் என்பதுதான் ஒப்பவில்லை. என்னால் ஆமாம் சொல்ல முடியாத ஒன்றுக்கு அவர் ஆமாம் சொல்லிக் கூலியும் கொடுக்கிறார். அந்த வேலையில் போய் உட்கார்ந்தால், ஏஜென்டின் கேள்விக்கு நான் பதில் சொன்னதாகிவிடும்.

பஸ் நிற்கும் இடத்துக்கு முன்னால்தான் அந்தப் பதினேழு. சுற்றிப் போகவும் வழி இருந்தது. ஆனால் ஒரு மா போய்விட்டது என்று ஆப்பரேட்டர் சொன்னதை நான் முழுக்க நம்பவில்லை. இரண்டு சால் ஓட்டியிருப்பார்கள், பெரிதுபடுத்துகிறார்கள் என்று ஓர் எண்ணம். கண்ணால் பார்த்துவிடலாம் என்று நேராகவே போனேன்.

ஒரு மாதான். வெட்டிப்போட்ட வைக்கோல் வரிசை வரிசையாகக் கிடந்தது. அதை ஒட்டி மீதி இரண்டு மா தலைசாய்ந்து நின்றது. அக்கா வரப்பில் உட்கார்ந்து யாரிடமோ போனில் பேசி முடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"ஏஜென்ட் அனுப்பினாரா? சமாதானம் பேசவா?"

"யாரும் அனுப்பலக்கா. வேலைய விட்டுட்டேன்."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"நெசமாவே ஒரு மா போச்சான்னு பாக்க."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "அளந்துட்டுப் போங்க. டேப் எடுத்தாரவா?"

பையைக் கீழே வைத்தேன். கருவியில் பக்கத்தை எழுதாமல் விட்டதைச் சொன்னேன். ஏன் விட்டேன் என்பதையும், போனை எடுக்காததையும் சொன்னேன். யாரிடமும் அதுவரை சொல்லாதது.

"இது விதைக்குன்னு ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்க்கா."

"நான் ஒங்க மூஞ்சியப் பாத்துச் சொன்னேன்."

"ஆமாம்."

"அப்புறம்?"

"எழுதிட்டா என்னை அனுப்பிடுவாருன்னு பயம்."

"அவரு ஒங்கள அனுப்பறதுக்கும் நீங்க இருக்கறதுக்கும் நடுவுல என் வயலா?"

அக்கா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குனிந்து ஒரு கதிரைப் பிடுங்கி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார்.

"வேணும்னே செஞ்சீங்களா இல்லையான்னு ஏஜென்ட் கேட்டாராமே, ஆப்பரேட்டர் தம்பி இப்பதான் போன்ல சொன்னுச்சு. எனக்கு அது வேணாம். ஒம்போது பேருக்கு விதை தரேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். இருக்கற ரெண்டு மாவுல எத்தன பேருக்குத் தர முடியும்னுதான் எனக்குக் கவலை. நாளைக்கு ஆறு ஆளு சொல்லியிருந்தேன். மெஷின் எறங்கிடுச்சாம், அந்த வயலு முடிஞ்சிடும்னு மூணு பேரு வேற எடத்துக்கு ஒத்துக்கிட்டாங்க. அறுக்கத் தெரியுமா?"

"தெரியும். வேகம் வராது."

"வேகம் வேணாம். என் கண்ணு முன்னாடி நிக்கணும். பை, போனு எல்லாம் வரப்புல வச்சிட்டு எறங்கணும்."

"சரிக்கா."

"நான் நம்பிக் கூப்பிடறதா நெனச்சுக்க வேணாம். ஆள் இல்ல."

அன்று பஸ் ஏறவில்லை. நிழற்குடையின் சிமென்ட் பெஞ்சில் போர்வையை விரித்துக்கொண்டேன். அதைவிட மோசமான இடங்களில் படுத்திருக்கிறேன்.

காலையில் பனி கால் முட்டிவரை நனைத்தது. அக்காவும் மூன்று பெண்களும் எனக்கு முன்னால் வந்திருந்தார்கள். ஒரு பெண் என்னைக் காட்டி, "இவரா மெஷின எறக்குனவரு?" என்று கேட்டாள். "எறக்குனவரு வேற. வழி காட்டுனவரு இவரு" என்றாள் இன்னொருத்தி. மூவரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்காமல் என் கையில் ஓர் அரிவாளைக் கொடுத்தார். அப்போது பார்த்துத் திருவாரூர் ஏஜென்ட் கூப்பிட்டார்.

"கெளம்பிட்டியா?"

"வேலைக்கு வந்துட்டேண்ணே."

"எந்த ஏஜென்ட்கிட்டய்யா? எவன் முந்திக்கிட்டான்?"

"கையறுப்புக்கு."

"புரியுது, புரியுது. அங்கயும் ஏதோ கணக்கு வச்சிருக்க" என்றார். போனை அணைத்து வரப்பில் பையின் மேல் வைத்தேன். அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அவர் கொடுத்தது நடுவயல் இல்லை. மெஷின் போன இடத்தை ஒட்டி நிற்கிற ஓரம். "மெஷின் ஊதுன பதர்ல வேற நெல்லும் வந்து விழுந்திருக்கும். இங்கேருந்து நாலடி அகலத்துக்கு, அந்தக் கோடி வரைக்கும் தனியா அறுத்துப் போடுங்க. அது விதையில சேராது, சாப்பாட்டுக்குத்தான். அதோட ஒரு கதிரு இந்தப் பக்கம் வரக் கூடாது."

நான்கு அடியை எப்படி அளப்பது என்று கேட்டேன். அவரே இறங்கி வந்து, காலடியால் அளந்து, ஈரத்தரையில் குச்சி நட்டார். பத்து நடைக்கு ஒரு குச்சியாகக் கோடிவரை நட்டுவிட்டுத் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். நான் குனிந்து முதல் பிடியைப் பிடித்து அறுத்தேன்.